கேட் ஏழடி, வண்டிக்கு வயசு பதினைந்து

2025 செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பும் கையுமாக வீட்டு வாசலில் நின்று, தூணுக்கும் தூணுக்கும் நடுவே அளந்துகொண்டிருந்தேன். சரியாக ஏழடி. மில்லிமீட்டரில் 2,134. புதுசாக வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஸ்கார்பியோ-N என்கிற புது மாடலின் அகலம் 1,917. பக்கத்துக்கு நாலு அங்குலம் மிச்சம். அதுவும் சைடு கண்ணாடியைச் சேர்க்காத கணக்கு. என் பழைய ஸ்கார்பியோ 1,817. அதையே குறுகின தெருவில் ஒடித்துத் திருப்பி உள்ளே விட எனக்கு இரண்டு வருஷம் பழக வேண்டியிருந்தது.

வீட்டம்மா காபி டம்ளரோடு வந்து பார்த்தாள். "ஏங்க, வண்டி வாங்கப் போறீங்களா, தூணை இடிக்கப் போறீங்களா?"

அது அப்பா கட்டின தூண். ஈர சிமெண்டில் குச்சியால் 1987 என்று அவரே கீறி வைத்தது இன்னும் இருக்கிறது. தூணை இடிக்கிற பேச்சே இல்லை. ஆனால் தூணுக்காக ஒரு வண்டியை வேண்டாம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். ஆகவே முறையாக எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்கலாம் என்று இறங்கினேன். இரண்டு மாசம் ஓடிப்போனது. 15 வருஷம் ஓட்டின வண்டிக்கும், மூன்று தடவை ஓட்டிப் பார்த்த வண்டிக்கும் சேர்த்து இந்த விமர்சனம்.

எனக்கு ஊர் போடி. மேலே பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. முந்தலில் மலை தொடங்கினால் போடிமெட்டு போய்ச் சேர 17 கொண்டை ஊசி வளைவு. வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஏறி இறங்கணும். போகும்போது உரம், மருந்து, ஸ்பிரேயர், சமயத்தில் கூலியாட்கள் நாலு பேர். வரும்போது காய் மூட்டை. 2010 நவம்பரில் இந்த எஸ்எல்இ மாடலை எடுத்தேன். 2,179 சிசி எம்ஹாக் இஞ்சின், 120 குதிரைத் திறன், ஐந்து கியர். பின்னால் எதிரெதிரே பார்த்து உட்காருகிற பக்கவாட்டு சீட். அந்த வருஷக் கடைசியில்தான் மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். ரயில் நிற்கப் போகிறது, குடும்பத்தோடு எங்கே போனாலும் இனி ரோடுதான் என்கிற எண்ணமும் அன்றைக்கு இந்த வண்டியை எடுக்க ஒரு காரணம். இதைப் பின்னால் சொல்கிறேன்.

மீட்டரில் இப்போது 2,31,000. வழியில் படுத்துவிட்டது என்று இன்னொரு வண்டி வைத்துக் கட்டி இழுத்தது மொத்தமே இரண்டு தடவை. ஒன்று, பேட்டரி கெட்டுப்போனதைத் தெரிந்தும் நான் தள்ளிப்போட்டது. இன்னொன்று டர்போ, அதாவது இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சுழலி. அதுவும் என் தப்புதான். மலை ஏறி வந்த சூட்டோடு டக்கென்று சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்துவது என் வழக்கம். டர்போ அப்போது நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். இஞ்சின் நின்றால் ஆயில் வருவதும் நின்றுவிடும். கொதிக்கிற தண்டில் மிச்சமிருக்கிற ஆயில் கருகிப் படியும். "ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விடுங்கண்ணே, வீட்டுக்குள்ள போயி யாரும் பஸ்ஸ பிடிக்கப் போறதில்ல" என்று எங்கள் மெக்கானிக் தம்பி எத்தனையோ தடவை சொன்னான். 38,000 ரூபாய் செலவழித்த பிறகுதான் எனக்கு அது ஏறியது.

வேறு வண்டி வாங்கணும் என்ற ஆசை முதலில் வந்தது 2019 ஆகஸ்டில். புத்தடி ஏலச் சந்தையில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. போடியில் ஏலக்காய் தொழிலில் இருக்கிற யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு கார் கம்பெனி நோட்டீஸ் இருந்த காலம். அந்த மழையில் எங்கள் தோட்டத்தில் அழுகல் விழுந்து காய் பாதிதான் தேறியது. அதனால் தப்பித்தேன். இரண்டு மூன்று வருஷத்தில் விலை ஆயிரத்துக்கும் கீழே வந்தது. அப்போது கடனில் வண்டி எடுத்த ஒருத்தர் அதே வண்டியை விற்றுக் கடனை அடைத்ததை நேரில் பார்த்தேன். ஏலக்காய் வருமானத்தை வைத்து ஏழு வருஷத் தவணை போடுகிறவனுக்குத் தைரியம் ஜாஸ்தி.

இந்தத் தடவை பேச்சைக் கிளப்பியது ஆர்சி. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதற்கு மேல் ஓட்ட ஆய்வு பார்த்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். நவம்பரில் என் வண்டிக்குக் கெடு. மச்சினன் போனில், "மாமா, டீசல் வண்டிக்கு 10 வருஷம்தான் கணக்கு, பிடிச்சு உடைச்சுப் போட்டுருவானுங்க" என்று பயமுறுத்தினான். அது டெல்லிக்கும் அதைச் சுற்றின பகுதிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவு. போடிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இதை அவனுக்கு விளக்கி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

அதே சமயத்தில் செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி குறைந்து பெரிய எஸ்யூவிக்கு 40 சதவீதத்தில் நின்றது. வண்டி விலை லட்சத்துக்கு மேல் இறங்கியது. தீபாவளிக்கு முன்னால் தேனியில் எந்த ஷோரூமுக்குள் நுழைந்தாலும் கல்யாண வீடு மாதிரி கூட்டம். நானும் போய் கொட்டேஷன் வாங்கினேன். டீசல், மேனுவல் கியர், 175 குதிரைத் திறன். ஆன்ரோடு 22 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்தது. இதில் சாலை வரி மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அங்கே ஜிஎஸ்டியில் கொடுத்ததை இங்கே எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம், வரி 2023-லேயே ஏறிவிட்டது, நாம்தான் கவனிக்கவில்லை.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று ஒன்று கொடுத்தார்கள். நேர் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர். பக்கத்தில் உட்கார்ந்த பையன், "சார், சன்ரூஃப் பாருங்க, ஸ்கிரீன் பாருங்க" என்றே வந்தான். "தம்பி, முந்தல் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோமா?" என்றேன். அதற்கு அனுமதி இல்லையாம். மலையில் ஓட்டப்போகிறவனுக்கு மலையில் காட்டாமல் 22 லட்சத்தைக் கேட்டால் எப்படி? கடைசியில் அதே வண்டி வைத்திருக்கிற சிநேகிதர் ஒருத்தர் சாவியைக் கொடுத்தார். அவர் வண்டியில் இரண்டு தடவை பூப்பாறை வரை போய் வந்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் நல்லது. அந்த இஞ்சின் அபாரம். டார்க் என்கிற இழுவைத் திறன் மேனுவலில் 370 நியூட்டன் மீட்டர், என்னுடையதில் 290. நான் இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறுகிற வளைவில் அது மூன்றாவதில் சத்தமில்லாமல் ஏறுகிறது. வளைவில் உடம்பு சாய்வது பாதிகூட இல்லை. பழைய வண்டியில் வேகமாகத் திரும்பினால் உள்ளே இருக்கிறவர்கள் எல்லாம் ஒரு பக்கமாகப் போய் விழுவார்கள். என் மகள் சின்ன வயதில் அதற்கு "ராட்டினம்" என்று பேர் வைத்திருந்தாள். புது வண்டியில் ராட்டினம் கிடையாது. ஸ்டீயரிங் ஒரு விரலில் சுற்றலாம். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது பிரேக்கை அதுவே இரண்டு விநாடி பிடித்து வைக்கிறது. கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. நான் இதுவரை மாற்றின இரண்டு கிளட்சும் அந்தப் பாதி மிதியால் தேய்ந்ததுதான்.

இடிக்கிற இடம் பின்னால். மூன்றாவது வரிசை சீட்டை நிமிர்த்தி வைத்தால் அதற்குப் பின்னால் இரண்டு பை வைக்கலாம், மூட்டை வைக்க முடியாது. சீட்டை மடக்கினால் இடம் கிடைக்கிறது, ஆனால் மடங்கின சீட்டே கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. என் பழைய வண்டியில் பக்கவாட்டு சீட்டை இரண்டு பக்கமும் தூக்கி மாட்டிவிட்டால் நடுவில் தரை முழுக்கக் காலி. ஆறு மூட்டை உரம் போகும். சிநேகிதர் வண்டியில் காய் மூட்டையை ஏற்றலாமா என்று கேட்டதற்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். புது வண்டியில் பொட்டாஷ் மூட்டையைப் போட எனக்கும் மனசு வராது என்பதுதான் உண்மை. அப்படியென்றால் 22 லட்சம் கொடுத்து வாங்கிவிட்டு உரத்துக்கு ஜீப் வாடகை கொடுக்கணும்.

இன்னொன்று, புகை வடிகட்டி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்று ஒன்று இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, புகை நன்றாகச் சூடேறுகிறபோது அதை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். மலை ஏறும்போது சூடு வரும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் தோட்டத்துக்குள் நான் நாள் முழுக்க ஓட்டுவது அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர். முதல் கியரில் நகர்த்தி, நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் செய்து. அந்த ஓட்டத்தில் கரி சேருமே தவிர எரியாது. வாரத்தில் ஒரு நாள் தேனி பக்கம் நீளமாக ஒரு ஓட்டு ஓட்டினால் சரியாகிவிடும் என்றார் சிநேகிதர். நாய் வளர்க்கிறவர்கள் மாதிரி வண்டியை வாக்கிங் கூட்டிப் போகணும். என் பிஎஸ்3 வண்டியில் அந்தப் பொருளே கிடையாது. அது விடுகிற புகையைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் சொல்வதற்கில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்கார்பியோ கிளாசிக்கையும் பார்த்தேன். என் வண்டிக்குப் புதுச் சட்டை போட்ட மாதிரி இருந்தது. அதற்கு என் வண்டியே போதும். ஒரு நன்மை: அது இன்னும் விற்பனையில் இருப்பதால் என் வண்டிக்கு உதிரிபாகம் தட்டில்லாமல் கிடைக்கிறது.

அப்புறம் நோட்டுப் புத்தகம். தோட்டக் கணக்கோடு வண்டிக் கணக்கும் எழுதி வைப்பேன். 2020 அக்டோபரிலிருந்து 2025 செப்டம்பர் வரை ஐந்து வருஷத்தில் பட்டறை, டயர், பேட்டரி, ஆயில் எல்லாம் சேர்த்து 3,12,000 ரூபாய். இதில் டர்போ, ஒரு கிளட்ச், நாலு டயர், கல் அடித்து ஓட்டை விழுந்த ஏசி கண்டென்சர், ஒரு பங்க்கில் கலப்பட டீசல் போட்டு இரண்டு இன்ஜெக்டர் போனது எல்லாம் அடக்கம். மாசத்துக்கு 5,200. புது வண்டிக்கு ஏழு லட்சம் கையிலிருந்து போட்டு, 15 லட்சம் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஏழு வருஷத்துக்கு மாசத் தவணை 24,134. ஒரு வருஷத் தவணை மட்டும் 2,89,000 சொச்சம். அதாவது பழைய வண்டி ஐந்து வருஷம் தின்றதைப் புது வண்டி 13 மாசத்தில் தின்றுவிடும். இன்சூரன்ஸைச் சேர்த்தால் இன்னும் மோசம். எனக்குத் தேர்ட் பார்ட்டி 7,897 ரூபாயும் ஜிஎஸ்டியும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நோட்டை மூடினேன்.

மறுபடி திறக்க வைத்தது மகள். மதுரையில் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அந்த மாசம் எமர்ஜென்சியில் போஸ்டிங். லீவுக்கு வந்தவள் என் கணக்கை முழுசாகக் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "அப்பா, போன வாரம் ஒரு கேஸ் வந்துச்சு. ஸ்டீயரிங் நெஞ்சுல இடிச்சு. வண்டிக்குப் பெருசா ஒண்ணும் ஆகலயாம்."

என் வண்டியில் ஏர்பேக் கிடையாது. 2016-ல் குளோபல் என்கேப் ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்து பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. அது என்னுடையதைவிடப் புதிய, 2014-க்குப் பிறகு வந்த உடம்பு. அதே சோதனை அமைப்பு 2022 டிசம்பரில் ஸ்கார்பியோ-N வண்டிக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. என் நோட்டில் இதற்குப் பத்தி கிடையாது. 5,200 ரூபாய்க்கு எதிரே இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பின்னால் இருக்கிற பக்கவாட்டு சீட்டுக்குப் பெல்ட்டே இல்லை. அதில் என் பிள்ளைகளைப் பத்து வருஷம் உட்கார வைத்துச் சென்னை வரை போயிருக்கிறேன். இப்போது நினைத்தால் அடிவயிற்றில் என்னமோ செய்கிறது.

ஒரு வாரம் யாரோடும் வண்டிப் பேச்சு பேசவில்லை. அந்த வாரத்தில் வேறு ஒரு கணக்கைப் போட்டேன். வண்டி எங்கேயெல்லாம் போகிறது என்று. 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்ப வந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் சென்னைக்கு நேர் வண்டி. அதற்கப்புறம் நான் ஸ்கார்பியோவில் சென்னை போனது ஒரே தடவை, அதுவும் சொந்தக்காரர் சாவுக்கு. மகள் மதுரைக்குப் போவதும் வருவதும் ரயிலில். எந்த ரயில் நின்றதால் இந்த வண்டியை வாங்கினேனோ அது திரும்ப வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான்கு வழிச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வேலையே இதற்கு இப்போது இல்லை. மிச்சம் இருப்பது மலையும் தோட்டமும் மூட்டையும். அங்கே 30-க்கு மேல் போக ரோடு விடாது. அங்கேயும் ஆபத்து உண்டுதான், பள்ளத்தில் உருண்டால் எந்த வண்டியும் ஒன்றுதான். ஆனால் அது நிதானத்தையும் பிரேக்கையும் டயரையும் பொறுத்த ஆபத்து.

அடுத்த நாளே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், "தம்பி, எனக்காகப் பேசாத. வாங்க வந்தவன் மாதிரி பாரு" என்றேன். அவன் முதலில் செய்தது இஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாய் மேலேயே வைத்தது. உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் புகை மேலே தள்ளி மூடி ஆடி எகிறும். என்னுடையது லேசாக நடுங்கியது, நகரவில்லை. "இன்னும் ஒரு லட்சம் ஓடும்ணே." அடுத்து வண்டிக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் சேஸிஸ் சட்டத்தை நீளத்துக்கும் தட்டிக்கொண்டே வந்தான். ணங் ணங் என்று ஒரே சத்தம். பின் சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் தொப்பென்று ஒலித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. சுரண்டினால் 15 வருஷத்துச் சேறு காய்ந்து கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அதை உடைத்து எடுத்தபின் அங்கேயும் ணங். முன்பக்க பால் ஜாயிண்ட் இரண்டும், பிரேக் ஹோஸ் நாலும், பின் ஷாக் அப்சார்பரும் மாற்றச் சொன்னான். 27,000 ஆனது. பேரம் பேசவில்லை.

தேனி ஆர்டிஓ ஆபீசில் படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், 5,000 ரூபாய் கட்டணம், அதுபோக பசுமை வரி. 2022-க்கு முன்னால் அந்தக் கட்டணம் 600 ரூபாய்தான். கெடுவுக்கு 60 நாள் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பது தெரியாமல் நான் கடைசி வாரம் ஓடினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சேஸிஸ் நம்பரைப் படியெடுக்க, துருவை உப்புத்தாளால் தேய்த்து, செல்லோ டேப்பை ஒட்டி மேலே பென்சிலால் உரசினோம். எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து, ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொல்லித் தள்ளிப் பார்த்து, "மலைக்கா ஓட்டுறீங்க?" என்றார். "ஆமா சார்." "தெரியுது." டயரைப் பார்த்துச் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை. புது ஆர்சி 2030 நவம்பர் வரை.

வீட்டில் மூன்று சட்டம் போட்டாகிவிட்டது. பக்கவாட்டு சீட்டில் இனி ஆள் கிடையாது, மூட்டை மட்டும். இருட்டினபின்னும் மூடுபனியிலும் மலை இறங்குவது கிடையாது. தோட்டத்து வீட்டிலேயே படுத்துக்கொள்ளணும். மதுரையைத் தாண்டினால் ரயில். மகள் ஒரு பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள், கீழே என் கையெழுத்தோடு. கட்டாமல் மிச்சமான தவணையில் மாசம் 10,000 தபால் ஆபீஸ் ஆர்டியில் போகிறது. 6.7 சதவீத வட்டியில் 2030-க்குள் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஷோரூமில் என் பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்சில் இரண்டேகால் லட்சம் சொன்னார்கள். தோட்ட ஜீப் ஓட்டுகிற ஒருத்தர் மூன்று தருகிறேன் என்று இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி எடுத்து, கேட்டைக் கழற்றி எட்டரை அடிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். அவர் கொத்தனாரிடமே நானும் ஒரு வேலை சொல்லி வைத்திருக்கிறேன். தூணில் 1987-க்குக் கீழே, வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது போன மாசம் நான் பெயர்த்த இடத்தைப் பூசணும்.